செஞ்சி – பனமலை வட்டாரம்: ஆங்கிலேயர் ஆட்சியும் விடுதலை இயக்கமும்

செஞ்சி, பனமலை, திண்டிவனம், விக்கிரவாண்டி ஆகிய ஊர்களைக் கொண்ட வட்டாரம், ஆங்கிலேயர் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. 1761இல் செஞ்சிக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 1801இல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் 146 ஆண்டுகள் இவ்வூர்களின் நிலம், நீர், உப்பு, கள், நெசவு யாவும் ஆங்கிலேய ஆட்சியின் கணக்கில் இருந்தன. அந்தக் கணக்கை எதிர்த்து மனுக்களாகத் தொடங்கிய குரல் பின்னர் பத்திரிகை, மறியல், சத்தியாகிரகம் என வளர்ந்தது. இந்திய விடுதலை நாளில் சென்னை மாகாணத்தின் முதல்வர் பொறுப்பில் இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனம் பக்கத்து விவசாயி.

இடமும் பின்னணியும்

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் நீண்ட மதிலையும் கொண்டது. செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலையில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் நிற்கிறது. குன்றின் அடியில் பெரிய ஏரி இருக்கிறது. துரிஞ்சலாற்றிலிருந்து நீரைக் கொண்டுவந்து வழியிலுள்ள ஏரிகளை நிரப்பும் நந்தன் கால்வாய் இந்தப் பனமலை ஏரியில் முடிகிறது. வற்றாத ஆறு எதுவும் இப்பகுதியில் இல்லை. கிணறும் ஏரியும் மழையுமே வேளாண்மைக்கு ஆதாரம்.

கோட்டை ஒன்று, ஏரி ஒன்று என்ற இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இங்கு அந்நிய ஆட்சி நடந்த விதம் விளங்கும். ஆங்கிலேயர் கோட்டையைப் பிடிப்பதற்காகப் போரிட்டனர். பிடித்தபின் அதைக் கைவிட்டுவிட்டு, ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலத்தின்மீது ஆட்சி செலுத்தினர்.

விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்களும், 1649 முதல் பீஜப்பூர் சுல்தானின் ஆட்களும், 1677இல் சிவாஜி கைப்பற்றிய பின் மராத்தியரும் செஞ்சியை ஆண்டனர். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியைத் தலைநகராக்கிக்கொண்டு, முகலாயரின் முற்றுகையை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாங்கினார். 1698இல் கோட்டை முகலாயரிடம் வீழ்ந்தது. அடுத்து பொறுப்பேற்ற சொரூப் சிங் என்னும் பந்தேலத் தலைவரின் மகன் தேஜ் சிங், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714இல் போர்க்களத்தில் மடிந்தார். தமிழ் மக்கள் இவரைத் தேசிங்கு ராஜன் என்று அழைக்கின்றனர்.

கோட்டைக்கான போர்கள் (1690 – 1761)

ஆங்கிலேயரின் காலடி இம்மண்ணில் படிந்ததற்குச் செஞ்சியே வழிதிறந்தது. செஞ்சியில் முற்றுகைக்கு உள்ளாகிப் பணத்தட்டுப்பாட்டில் இருந்த மராத்தியரிடமிருந்து, 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் எலிகு யேல் ஆளுநராக இருந்த காலம் அது. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு உரியவை என்பது உடன்பாடு. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அக்கோட்டைக்கு ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் சில ஆண்டுகள் இங்குதான் இயங்கியது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். முன்னவரைப் பிரெஞ்சுக்காரரும் பின்னவரை ஆங்கிலேயரும் ஆதரித்தனர். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் தளபதி புஸ்ஸி, 1750 செப்டம்பரில் ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முட்டி மோதிய கோட்டை அது. அந்த ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நடந்த போரில் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங், தன் பக்கத்துத் தலைவர் ஒருவராலேயே கொல்லப்பட்டார். இந்நிகழ்ச்சிகளைப் புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். உள்நாட்டு அரசர்களின் பகைக்குள் ஐரோப்பியப் படை எப்படி நுழைந்தது என்பதைத் தமிழன் ஒருவன் உடனிருந்து கண்டு எழுதிய சான்று என்பதால் அந்நாட்குறிப்பு இவ்வட்டார வரலாற்றுக்கு முதன்மையானது.

1752இல் மேஜர் கின்னீர் தலைமையில் ஆங்கிலேயப் படை செஞ்சியை நோக்கி வந்தது. கோட்டையின் வலிமையைக் கண்டு பின்வாங்கிய அப்படை விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. சில வாரங்களில் பாகூரில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரை முறியடித்து அந்தத் தோல்வியை ஈடுசெய்தார். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தது தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கக் கனவை முடித்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. செஞ்சியில் இருந்த பிரெஞ்சுக் காவல்படை இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்து, ஏப்ரல் 5 அன்று கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டையை ஒப்படைத்தது.

இப்போர்களில் சுற்றுவட்டார உழவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, இழப்பு மட்டும் இருந்தது. எந்தப் படை வந்தாலும் ஊரின் தானியமும் மாடும் வண்டியும் அதற்குத் தேவைப்பட்டன. 1780இல் மைசூர் மன்னர் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது செஞ்சி அவர் வசமாயிற்று. அந்தப் போர் ஓய்ந்தபின் கோட்டைக்குப் படைத்துறை முக்கியத்துவம் எதுவும் இருக்கவில்லை.

நவாபிடமிருந்து கம்பெனிக்கு

தமக்காகக் கம்பெனி போரிட்டதற்கு நவாப் முகமது அலி கடன்பட்டார். அந்தக் கடனுக்கு ஈடாக வரி வசூல் உரிமை படிப்படியாகக் கம்பெனியிடம் சென்றது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனிக்குத் தெற்கில் எதிரி இல்லை. 1801 ஜூலை 31 அன்று புதிய நவாப் அசீம் உத் தவுலா, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தமக்கென வைத்துக்கொண்டு ஆட்சி முழுவதையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அவ்வாறு பிறந்தது தென்னார்க்காடு மாவட்டம். அதன் தலைமையிடம் கடலூர். செஞ்சி, திண்டிவனம் வட்டத்தில் சேர்க்கப்பட்டது.

அதே 1801இல் தெற்கே சிவகங்கை மருது சகோதரர்கள் திருச்சியிலும் திருவரங்கத்திலும் அறிக்கை ஒட்டி, எல்லாச் சாதியினரும் ஒன்றுபட்டு வெள்ளையரை விரட்ட அழைப்பு விடுத்திருந்தனர். 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்த எழுச்சிகள் இரண்டும் ஆயுதத்தால் ஒடுக்கப்பட்டன. செஞ்சிப் பகுதியில் போரிடும் பாளையக்காரரோ படையோ மிஞ்சியிருக்கவில்லை. எனவே இங்கு எதிர்ப்பு வேறு வழியில், மிக மெதுவாக உருவாயிற்று.

கலெக்டர், கர்ணம், கிஸ்தி

சிற்சில குத்தகைச் சோதனைகளுக்குப் பின் இம்மாவட்டத்தில் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ அதன் முதன்மை ஆதரவாளர். இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவர் ஒவ்வொருவரும் நேரடியாகச் சர்க்காருக்குத் தீர்வை கட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நஞ்சை, புஞ்சை என நிலம் வகைபிரிக்கப்பட்டது. கர்ணம் கணக்கெழுதினார். மணியக்காரர் வசூலித்தார். தாசில்தார் மேற்பார்த்தார். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கலெக்டர் கணக்கைச் சரிபார்த்தார்.

காகிதத்தில் நேர்த்தியாகத் தெரிந்த இம்முறை வயலில் கடுமையாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி என்னும் தவணைத் தீர்வை பணமாகவே கட்டப்பட வேண்டும். விளைச்சலில் பங்கு என்ற பழைய ஏற்பாட்டில் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் அரசனுக்கும் குடிக்கும் பொதுவாயிருந்தன. பணத்தீர்வையில் கெட்ட ஆண்டின் சுமை முழுவதும் குடியின் தலையில் விழுந்தது. தவணைக்குப் பணம் இல்லாதவர் வட்டிக்குக் கடன் வாங்கினார். கடன் அடையாதபோது நிலம் கைமாறியது. தீர்வை கட்டாதவரை வெயிலில் குனியவைத்துக் கட்டும் அண்ணாந்தாள், விரல்களை நசுக்கும் கிட்டி ஆகிய சித்திரவதைகள் மாகாணம் முழுவதும் நடந்ததை அரசே அமைத்த சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. வதைத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ச் சேவகர்களே. ஆனால் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது மேலிருந்து வந்த வசூல் நெருக்கடி.

ஏரிகள்

ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காக்கும் குடிமராமத்து இவ்வூர்களின் பழைய வழக்கம். ஊரார் உழைப்பைத் தந்தனர். முந்தைய அரசுகள் மானியமாக விட்ட நிலங்களின் வருவாய் அதற்கு உதவியது. வருவாயைப் பெருக்க முனைந்த கம்பெனி ஆட்சி இந்த உள்ளூர் ஏற்பாட்டைத் தளரவிட்டது. பின்னர் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, ஊரார் தாமே செய்துவந்த பணியைச் சட்டத்தின் பேரால் செய்விக்க முயன்றது. காவிரி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய பெருநதிகளின் கழிமுகங்களில் ஆர்தர் காட்டன் போன்ற பொறியாளர்கள் அணைகள் கட்டிப் பாசனத்தை விரித்தனர். முதலீட்டுக்கு வருவாய் திரும்பும் இடங்கள் அவை. பனமலை போன்ற ஏரிப்பாசன ஊர்களுக்கு அந்தக் கவனிப்பு வாய்க்கவில்லை. நந்தன் கால்வாயைச் சீரமைக்க வேண்டும் என்ற குரல் விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இவ்வட்டார உழவர்களிடம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

சந்தைப் பயிர்களும் ரயிலும்

19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு உலகச் சந்தையுடன் பிணைக்கப்பட்டது. நீலச்செடி முதலில் பரவியது. 1842இல் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை வந்தது. ஆனால் செஞ்சி, திண்டிவனம் பகுதிகளின் முகத்தை மாற்றிய பயிர் வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை என்றும், ஊர்ப்பேச்சில் மல்லாட்டை என்றும் வழங்கும் இப்பயிர் மானாவாரிப் புஞ்சைக்கு ஏற்றது. விளைச்சல் மாட்டுவண்டிகளில் புதுச்சேரித் துறைமுகம் சென்று, அங்கிருந்து பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது.

1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்பாதை சென்னையைத் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்குடன் இணைத்தது. 1879இல் விழுப்புரம் – புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது. செஞ்சிக்கு ரயில் வரவில்லை. பாதைகள் துறைமுகத்தையும் தலைநகரத்தையும் நோக்கிப் போடப்பட்டன. கோட்டை நகரம் அவ்வழியில் இல்லை. ஒரு காலத்தில் பேரரசுகள் போட்டியிட்ட ஊர், வண்டிப்பாதைச் சந்தையாகச் சுருங்கியது. இங்கிலாந்து ஆலைத்துணி கைத்தறித் துணியின் சந்தையைப் பிடித்ததால் கடலூர்ச் சுற்றுவட்டார நெசவாளரும் நலிந்தனர்.

உப்பும் அரசின் தனியுரிமையாயிற்று. சென்னை மாகாணத்தில் 1805இல் கம்பெனி உப்பு உற்பத்தியையும் விற்பனையையும் தன்வசப்படுத்தியது. மரக்காணம் உப்பளம் செஞ்சிக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்தும், அந்த உப்பை இவ்வட்டார மக்கள் வரி சேர்த்தே வாங்கினர்.

பஞ்சமும் புலப்பெயர்வும்

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைப் பலிகொண்டது. மக்கள் பட்டினியில் மடிந்த அதே மாதங்களில் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நிவாரண முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ஆங்கில அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரைத் தாங்கி நிற்கும் அக்கால்வாயை வெட்டியவர்கள் பசித்த கூலிகள்.

ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாக மொரிஷியஸ், நேட்டால், பர்மா, மலாயா சென்றனர். மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த துறைமுகங்களான புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரியூனியனுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பல்கள் போயின. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்து 1860இல் புறப்பட்டது. வழக்கறிஞர் காந்தியிடம் 1894இல் அடிபட்ட வாயுடன் வந்து நின்ற பாலசுந்தரம் தமிழ் ஒப்பந்தக் கூலி. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களில் தமிழர் பெரும் எண்ணிக்கையினர். சொந்த மண்ணில் பிழைக்க வழியின்றிக் கடல் கடந்த எளிய தமிழர்களிடையேதான் காந்தியின் போராட்ட முறை உருப்பெற்றது. பின்னர் இந்திய விடுதலை இயக்கம் முழுவதும் கைக்கொண்ட முறை அது.

மனுக்களின் காலம் (1852 – 1905)

சென்னை மாகாணத்தில் அமைப்பு வழிப்பட்ட முதல் அரசியல் குரல் 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி நிறுவிய சென்னைவாசிகள் சங்கம். தீர்வைச் சுமையையும் வசூல் கொடுமைகளையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுவாக எடுத்துச்சென்றது இச்சங்கம். மேலே கூறிய சித்திரவதை விசாரணைக்குப் பின்னணியாக அமைந்ததும் அதன் முயற்சியே. ஊர்ப்புறத்து உழவரின் வலியை முதன்முதலாக அரசியல் கேள்வியாக்கியவர்கள் என்ற பெருமை இச்சங்கத்தாருக்கு உரியது.

1878இல் ‘தி இந்து’, 1882இல் ‘சுதேசமித்திரன்’, 1884இல் சென்னை மகாஜன சபை ஆகியவை தோன்றின. மூன்றிலும் ஜி. சுப்பிரமணிய ஐயரின் கை இருந்தது. 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. தமிழில் நாட்டு நடப்பை எழுதிய சுதேசமித்திரன், ஆங்கிலம் அறியாத சிற்றூர் வாசகரிடம் அரசியலைக் கொண்டுசேர்த்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உரக்கப் படிக்க, சூழ்ந்திருந்தோர் கேட்டனர். செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் உள்ளிட்டவை நடத்திய பள்ளிகள் அத்தகைய வாசகர்களை உருவாக்கின.

எல்லைக்கு அப்பால்: புதுச்சேரி

இவ்வட்டாரத்துக்குக் கிழக்கே சில மணி நேர வண்டிப் பயணத்தில் ஆங்கிலேயச் சட்டம் செல்லாத மண் இருந்தது. 1908இல் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதாகி, ‘இந்தியா’ வார இதழ்மீதும் வழக்கு பாய்ந்தபோது, அதன் ஆசிரியர் சுப்பிரமணிய பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து அவ்விதழ் மீண்டும் வந்தது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அதைத் தடுத்ததால் 1910இல் நின்றுபோயிற்று. அந்த ஆண்டு ஏப்ரலில் அரவிந்தரும், பின்னர் வ. வே. சு. ஐயரும் புதுச்சேரி வந்துசேர்ந்தனர். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றபின், புதுச்சேரியைச் சூழ்ந்த தென்னார்க்காட்டு ஊர்களில் சி.ஐ.டி. போலீசாரின் கண்காணிப்பு இறுகியது.

பத்தாண்டுப் புகலிட வாழ்வுக்குப் பின் பாரதி 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதானார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்குமேல் வைக்கப்பட்டு, டிசம்பர் 14 அன்று விடுவிக்கப்பட்டார். தமிழில் தேசிய உணர்வுக்குச் சொல் கொடுத்த கவிஞர் சிறைப்பட்ட இடம் தென்னார்க்காடு என்பது இம்மாவட்டம் மறக்கக்கூடாத செய்தி.

மக்கள் இயக்கம் (1919 – 1937)

1919 சீர்திருத்தச் சட்டப்படி நடந்த தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி வென்று 1920 டிசம்பர் 17இல் ஆட்சி அமைத்தது. சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரான ஏ. சுப்பராயலு ரெட்டியார் தென்னார்க்காட்டுக்காரர். மாவட்ட போர்டு நிர்வாகத்தில் தேர்ந்தவர். உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் பதவி விலகினார். உயர்பதவிகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் கேட்ட நீதிக்கட்சியும், அந்நிய ஆட்சியோடு ஒத்துழைக்க மறுத்த காங்கிரசும் இம்மாவட்டத்தில் பல ஆண்டுகள் எதிரெதிர் நின்றன.

ஒத்துழையாமை இயக்கம் அரசியலை நகரத்து வழக்கறிஞர்களிடமிருந்து ஊர்த்தெருவுக்குக் கொண்டுவந்தது. கதர் விற்பனை, கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி புறக்கணிப்பு ஆகியவற்றில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் பங்குகொள்ள முடிந்தது. பனைகள் நிறைந்த இப்பகுதியில் கள், சாராய ஏலம் அரசுக்குக் கணிசமான வருவாய் தந்ததால், கள்ளுக்கடை மறியல் ஒழுக்கப் பிரசாரமாக மட்டும் இல்லாமல் அரசின் கருவூலத்தையே தாக்கும் செயலாகவும் அமைந்தது.

இக்கால மாவட்ட வரலாற்றில் முதலிடம் பெறுபவர் கடலூர் அஞ்சலை அம்மாள் (1890 – 1961). நெசவுத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய கர்னல் நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரி 1927இல் நடந்த போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவுடன் சிறை சென்றார். அச்சிறுமிக்குக் காந்தி லீலாவதி என்று பெயரிட்டு, வார்தாவில் கல்வி பெறச் செய்தார். உப்புச் சத்தியாகிரகத்திலும் அதற்குப் பிந்தைய போராட்டங்களிலும் அஞ்சலை அம்மாள் மீண்டும் மீண்டும் சிறைப்பட்டார். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி அவரைப் பாராட்டினார். 1937இல் அவர் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1930 ஏப்ரலில் காங்கிரஸ் தலைவர் ராஜாஜி திருச்சியிலிருந்து ஏறத்தாழ 100 தொண்டர்களுடன் வேதாரணியம் நடந்துசென்று உப்பள்ளினார். 1934 பிப்ரவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக வந்த காந்தி கடலூர், புதுச்சேரி, சிதம்பரம் பகுதிகளில் மக்களைச் சந்தித்தார். 1937 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் வென்றது. ராஜாஜி அரசு நீல் சிலையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. பத்தாண்டுகளுக்கு முன் அஞ்சலை அம்மாள் சிறை சென்ற கோரிக்கை அவ்வாறு நிறைவேறியது.

உள்ளிருந்து எழுந்த கேள்விகள்

விடுதலை யாருக்கு என்ற கேள்வி இம்மாவட்டத்தில் வலுவாக எழுந்தது. ஏரிப்பாசன வயல்களில் பாடுபட்டவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். பலர் தலைமுறை தலைமுறையாகப் படியாள்கள். 1843இல் அடிமைமுறை சட்டப்படி செல்லாததாக்கப்பட்டும் கடன் அவர்களைப் பண்ணையோடு கட்டியே வைத்திருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்நிலங்கள் பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. ரெட்டமலை சீனிவாசனும் அயோத்திதாசப் பண்டிதரும், உரிமை பகிரப்படாத சுயராச்சியம் தம் மக்களுக்கு என்ன தரும் என்று கேட்டனர். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விப்பணி தொடங்கினார். ஊர்த்தெரு, கிணறு, கோயில் ஆகியவற்றைத் திறக்காத தேசியம் முழுமை பெறாது என்பதை இக்குரல்கள் காங்கிரசுக்கு உணர்த்தின.

ஓமந்தூராரும் விடுதலையும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார், விவசாயக் குடும்பத்திலிருந்து விடுதலை இயக்கத்துக்கு வந்து சிறை சென்றவர். 1947 மார்ச் 23இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார். முதல்வர் பதவிக்கு அன்று வழங்கிய பெயர் அது. ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கொடி இறங்கியபோது மாகாண அரசின் தலைவர் அவரே.

இரண்டாண்டு ஆட்சியில் அவர் செய்தவை விடுதலை இயக்கத்தின் நீண்ட கோரிக்கைப் பட்டியலோடு நேராகப் பொருந்துகின்றன. 1947இல் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. 1948இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1949 மார்ச்சில் பாரதியின் எழுத்துகளைப் பெற்று நாட்டுடைமையாக்குவதாக அவருடைய அரசு அறிவித்தது. ஆட்சியில் குறுக்கீட்டை ஏற்காத அவர் அதே ஆண்டு ஏப்ரலில் பதவி விலகினார். பின்னாளில் வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டாற்றி, 1970இல் மறைந்தார்.

கிழக்கே புதுச்சேரியின் விடுதலை இன்னும் ஏழாண்டு தாமதித்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

கோட்டையும் வரலாற்று நினைவும்

தேசிங்கு ராஜன் கதை ஆங்கிலேயர் காலத்திலும் தெருக்கூத்திலும் மலிவுப் பதிப்புகளிலும் வாழ்ந்தது. பேரரசுக்குப் பணிய மறுத்த இளைஞனும், அவனோடு தோள்சேர்ந்து போரிட்டு மடிந்த இஸ்லாமிய நண்பன் மகபத்கானும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தனர். எழுத்து வரலாறும் இதே காலத்தில் உருவாயிற்று. ஆங்கில அதிகாரி மக்லியோடின் வேண்டுகோளுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் செஞ்சியைப் பற்றிய முக்கியத் தமிழ்ச் சான்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் செஞ்சியின் முழு வரலாற்றையும் ஆங்கிலத்தில் நூலாக்கினார். நாடு விடுதலைக்காகக் கொந்தளித்த ஆண்டுகளில், தன் மண்ணின் வரலாற்றைத் தமிழறிஞர் ஒருவர் பாரசீக, மராத்திய, பிரெஞ்சு, ஆங்கிலச் சான்றுகளை ஒப்பிட்டு எழுதினார். பல்லவர் கலையை உலகறியச் செய்த அறிஞர்களில் புதுச்சேரியில் பணியாற்றிய ழூவோ துப்ரேய் முன்னோடி. பனமலைக் கோயிலில் எஞ்சியுள்ள பார்வதி ஓவியம் இன்று பல்லவர் ஓவியக்கலைக்கு அரிய சான்றாகப் போற்றப்படுகிறது. செஞ்சிக் கோட்டை 1921 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம்.

மதிப்பீடு

ஆங்கிலேயர் ஆட்சி செஞ்சி வட்டாரத்துக்கு ரயில்பாதை, நில அளவை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைக் கொண்டுவந்தது. அவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அந்த ஆட்சியின் மைய நோக்கம் வருவாய். மழையைக் கணக்கில் எடுக்காத தீர்வை, கவனிப்பின்றி விடப்பட்ட ஏரி, வரியிட்ட உப்பு, பஞ்சத்திலும் நிற்காத ஏற்றுமதி ஆகியவை அந்நோக்கத்தின் நேர் விளைவுகள். இங்கு தேசியம் வளர்ந்ததற்குக் காரணம் பழைய அரசர்களின் பெருமை அன்று; அன்றாட வாழ்வில் தைத்த இந்த அநீதிகளே. ஆகவேதான் விடுதலை அரசின் முதல் சட்டங்கள் கோயில் வாசல், நிலம், மது ஆகியவற்றைத் தொட்டன.

தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை ஒருங்கே உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.